விரிசல் விழுந்த வேன் கண்ணாடி

இன்று பரிசோதனைக்கு வந்த ஒரு வேனில் முன்கண்ணாடி மாற்றியிருந்தார்கள். புதுப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் கையில் டார்ச்சோடு அப்படியே நின்றுவிட்டேன். உன் நினைப்புதான்.

மலேசியாவில், சுவா என்ற ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நான் வாகனப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ பள்ளி வேன் ஓட்டினாய். தோட்டத்துப் பிள்ளைகளோடு உன் மகள்கள் இருவரும் அதில்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள்.

ஒருநாள் அந்த வேன் என் வரிசையில் வந்து நின்றது. செம்பனை லோரியிலிருந்து தெறித்த கல் பட்டு, முன்கண்ணாடியில், ஓட்டுநர் இருக்கைக்கு நேராக நீளமாய் ஒரு விரிசல். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. அடுத்த மாதம் மாற்றிவிடுவதாகச் சொன்னாய்.

"பாஸ் போட்டு விடுலா. நம்ம தோட்டத்து ரோட்டுல யாரு வரப்போறா?"

முடியாது என்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். அதன்பின் உன் மச்சானின் காரை இரவல் வாங்கி, பிள்ளைகளைப் பிரித்துப் பிரித்துக் கொண்டுபோய் விட்டாயாம். கோயிலில் என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். சொந்தத் தோட்டத்தானுக்கே இப்படிச் செய்யலாமா என்று உன் மனைவி என்னிடம் கேட்டார்.

புதுக் கண்ணாடி போட்டு வேன் பாஸான அன்று, வேலை முடியும்வரை வெளியே காத்திருந்தாய். ஏறு என்றாய். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் உள்ள வளைவில் கொண்டுபோய் நிறுத்தினாய். மாலை வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"இந்த நேரத்துல அந்த விரிசல் பூரா பளபளன்னு எரியும்டா. கண்ணச் சுருக்கிக்கிட்டு மனப்பாடமா ஓட்டியிருக்கேன். பழகிப்போச்சு. சாயங்கால வகுப்பு விட்டு பிள்ளைங்க இங்கதான் ரோட்டக் கடக்குதுங்க."

வெயில் இறங்கிய பிறகுதான் வண்டியை எடுத்தாய்.

பல வருடங்கள் கழித்து, சிரம்பான் மருத்துவமனையில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது, மருந்து கொடுக்க வந்த தாதியிடம் என்னைக் காட்டி, "என் வேன ஃபெயில் பண்ணவன் இவன்தான்" என்றாய். அதில் என்ன பெருமை என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. உன் மூத்த மகள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்றும் ஒரு லோரிக்காரரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. திட்டிக்கொண்டே போனார். முன்பெல்லாம் அப்படிப்பட்ட முகங்கள் வீடுவரை என்னோடு வரும். இப்போது கோபமோ வருத்தமோ வருவதில்லை. அவர் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.