குடல் எடுத்த நெத்திலி

ரேணு ஆத்தா, எழுப்ப மனசில்ல, அதான் உன் போனுக்குத் தட்டிவிட்டுட்டுப் போறேன். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போற போடிமெட்டு ஜீப்பு வந்துருச்சு.

மீன் வயித்துல பிளாஸ்டிக்குத் தூளு இருக்கும்னு நேத்து நீ சொன்னதுக்கு, "அறுவது வருசமாத் திங்கிறேன், எனக்கு என்ன ஆச்சு"ன்னு கத்திட்டேன். மாசமா இருக்குற மருமக நீ, வெறும் வயித்தோட படுத்துட்ட. அந்தத் தூளு ஒடம்ப என்ன பண்ணும்னு டாக்டருகளே இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காகன்னு நீயே சொன்ன. ஆனா அறுவது வருசம் எனக்குத்தானே. வயித்துல உள்ள புள்ள இன்னும் ஒருநாளுகூட வெளிய வந்து திங்கலையே.

நம்ம வீட்டுல நெத்திலிக்குத் தலையக் கிள்ளுறதோட சரி. குடல எடுத்தாக் கொஞ்சமாச்சும் கொறையும்னியே, வெள்ளன எந்திருச்சு, பிரிட்ஜுல மிச்சமிருந்த அரைக்கிலோவையும் ஒவ்வொண்ணா வயித்தக் கீறி எடுத்துட்டேன். குழம்பு மண்சட்டியில இருக்கு, பிளாஸ்டிக் டப்பாவுல ஊத்தல. குடலப் பூனைக்குப் போட்டா, மோந்து பாத்துட்டுப் போயிருச்சு. அதுக்கும் நீதான் பாடம் எடுத்தியா?

வெளிய போறதுன்னா, வீட்டுச் சாவி அரிசிப் பானைக்குள்ள.

இன்னொண்ணு. தின்னா, சட்டியக் கழுவிக் கவுத்தி வை. வாய் தொறந்து எதுவும் சொல்ல வேணாம். சாயங்காலம் நான் வர்றப்ப சட்டி கவுந்திருந்தா, உன் கோவம் போச்சுன்னு நானே எடுத்துக்கிறேன்.