பொன்மலைக் குப்பைமேனி

ஸ்வீடன்,
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். முட்டிவலியோடு இன்னும் சைக்கிளில்தான் ஷிப்டுக்குப் போகிறீர்களா? அம்மா சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறார்களா? நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் லேபில் கண்ணாடித் தட்டு உடைந்து விரலில் லேசாகக் கீறியது. காலித் தட்டுதான், கிருமி எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

சேதி வேறு. நம் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரோரம் பறித்து, நிழலில் காயவைத்து நீங்கள் அனுப்பிய குப்பைமேனி ஜெயித்துவிட்டது! இங்கே கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்த செடியில் வீரியமே இல்லை; பேராசிரியர் கைவிடுவதாக இருந்தார். எலிகளின் புண்ணில் நாங்கள் சோதிக்கும் கிருமி எந்த மருந்துக்கும் அடங்காதது. தடுப்பூசி போட்ட எலிகளுக்கும் புண் முழுதாக ஆறவில்லை. உங்கள் இலைச் சாற்றையும் சேர்த்துத் தடவினோம், ஆறிவிட்டது!

இந்த லேபில் இலை எந்த ஊரில் பறித்ததோ அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பார்கள். அதனால் காலையில் வந்ததும் எல்லோரும் பொன்மலை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். உங்களைத்தான் விசாரிக்கிறார்கள் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றிவிடும்.

"பூச்சி பொட்டு வரும், பிடுங்கிப் போடுங்க" என்று அம்மா ஆரம்பித்தால் அந்தச் சுவரோரச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள் அப்பா. கட்டுரைக்கு அந்தச் செடியின் படம் வேண்டும். செடி மட்டும் தெரிந்தால் போதும் என்கிறார் பேராசிரியர். நீங்களும் அம்மாவும் பக்கத்தில் நின்று இன்னொன்று எடுத்து அனுப்புங்கள். அது கட்டுரைக்கு இல்லை.

எலிகளுக்குத் தீனி வைக்க வேண்டும், ஓடுகிறேன்.

உங்கள்
சுஜா