வயிற்றில் அடிபட்டதா?

12 பெப்ரவரி 2006, ஞாயிறு

வரதராசா குடும்பத்தோடு சாப்பிட வந்தான். புருசெத்தில் இருக்கிற தமிழர் யாருக்கு நோர்வேஜியக் கடிதம் வந்தாலும் வாசிக்க என்னிடம்தான் வரும். அவனும் பள்ளிக்கூடக் கடிதம் ஒன்று கொண்டுவந்தான். வாசித்துச் சொல்லும்போது அவனுடைய மகள் என் நோர்வேஜியத்தைத் திருத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அனஸ்ரேசியாவும் சிரித்தாள். என் மனைவி! அவர்கள் போனபின் அவளை ஒரு தள்ளுத்தான் தள்ளினேன். மேசை மூலை வயிற்றில் இடித்துவிட்டது. அவள் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

20 பெப்ரவரி

இன்னும் சத்தி எடுக்கிறாள். நிமிர்ந்து நடக்க முடியவில்லை. டொக்டரிடம் போவோமா என்று கேட்டாள்.

"போய் என்னெண்டு சொல்லப்போறீர்?" என்றேன். திரும்பிப் படுத்துவிட்டாள். நோவுக்குப் பரசெற் குளிசை இரண்டு கொடுத்தேன்.

30 மே

மேல்வயிற்று நோவு விட்டு விட்டு வருகிறது. குடும்ப மருத்துவர் ஸ்கான் எடுக்க அனுப்பினார். கணையத்தின் வால் பக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றர் நீர்க்கட்டியாம்.

14 ஜூன்

மருத்துவமனை. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவா என்று தாதி கேட்டாள். நான் இருக்க எதற்கு?

மருத்துவர் படத்தைக் காட்டினார். கட்டிக்குள் ஒரே அறை, தடித்த சுவர். இந்த வயதுப் பெண்களுக்கு இந்த இடத்தில் இப்படி வந்தால், பெரும்பாலும் அது பிறகு புற்றாக மாறக்கூடிய கட்டி. வெட்டி எடுப்பதுதான் நல்லது. ஆனால் கணையம் அடிபட்டுச் சாறு கசிந்து தேங்கினாலும் படத்தில் இப்படியே தெரியும். அது புற்றாகாது, வெட்டாமலே விடலாம். வயிற்றில் எப்போதாவது பலமாக அடிபட்டதா?

அனஸ்ரேசியா என் முகத்தைப் பார்த்தாள். "என்ன கேக்கினம்?"

"வயசு."

"நாப்பத்தாறு. அவையின்ர பேப்பரிலை கிடக்குமே."

மருத்துவருக்கு இல்லை என்று சொன்னேன்.

5 ஜூலை

வாயால் குழாய் விட்டு ஊசியால் நீர் எடுத்தார்கள். முடிவு தெளிவில்லை. மருத்துவர் திரும்பவும் அதே கேள்வி. இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லையா? முதல்முறை இல்லை என்றவன் இரண்டாம் முறை எப்படி ஓம் என்பது? இல்லை என்றேன்.

"என்னவாம்?"

"கொழுப்புச் சாப்பாட்டைக் குறைக்கட்டாம்."

6 ஜூலை

மேசை மூலையை அரத்தால் தேய்த்து உருட்டினேன். எதற்கு?

22 ஓகஸ்ட்

நாளைக்கு அறுவை. கணையத்தின் வாலோடு மண்ணீரலும் போகும். சர்க்கரை வியாதி வரலாம் என்றார் மருத்துவர். கடைசியாக ஒருமுறை கேட்கிறேன் என்று அவளைப் பார்த்தே கேட்டார்.

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால்? என்னை என்னவென்று நினைப்பார்? ஊர் என்ன கதைக்கும்? இல்லை என்றுதான் வந்தது.

"பயப்பட வேண்டாமாம்," என்று அவளிடம் சொன்னேன். அவள் மருத்துவரைப் பார்த்துச் சிரித்து, தனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் நன்றி சொன்னாள்.

26 செப்டம்பர்

ஆய்வுகூட முடிவு வந்துவிட்டது. புற்று இல்லை. புற்றாகக்கூடிய கட்டியும் இல்லை. வடு, பழைய இரத்தம், தேங்கிய கணையச் சாறு. அடிபட்டதால் வந்தது என்றே எழுதியிருக்கிறது. அவளோ இப்போது நாளுக்கு நாலு தரம் இன்சுலின் ஊசி போடுகிறாள்.

மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். தொலைபேசியில் அவர்களே ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்திருந்தார்கள். கதவு நாற்பது நிமிடம் சாத்தியிருந்தது.

அவள் வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"மூண்டு தரம் கேட்டவையாம்," என்றாள். பிறகு, "நீங்கள் வயசு எண்டு சொன்னியள்."

நான் அவளுடைய கோட்டை நீட்டினேன். வாங்கவில்லை. லிஃப்ட் பக்கம் தனியாக நடந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

9 ஒக்ரோபர்

அனஸ்ரேசியா லில்லெஸ்ட்ரோமில் தன் தங்கச்சி வீட்டில். போன் எடுத்தால் தங்கச்சி வைத்துவிடுகிறாள். அனஸ்ரேசியாவின் உடம்பை நான்தான் கெடுத்துவிட்டேன்.

பொலிசிலிருந்து விசாரணைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஒரு சொல் விடாமல் விளங்கியது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கீழே ஒரு கட்டம்.

வேண்டும் என்று புள்ளடி போட்டேன்.