வடக்கே நகரும் நம் வயல்

அன்புள்ள அய்யாவுக்கு, உத்தராகண்டிலிருந்து உங்கள் மகள் கலைச்செல்வியின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

நேற்று நான் பாடம் நடத்தும்போது லேசாக நிலம் அதிர்ந்தது. சுவர்ப்படம் ஆடியது, அவ்வளவுதான். பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். நம் ஊரைச் சுமக்கும் இந்தியத் தட்டு வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து யூரேசியத் தட்டை முட்டுகிறது. முட்டும் எல்லையில் நிலம் மடிந்து, வரப்புபோல உயர்ந்ததுதான் இமயமலை. அங்கே இறுகிக்கிடக்கும் பாறைகள் சட்டென வழுக்கினால் பூமி அதிரும் என்றேன்.

"நான் அங்கிட்டு வந்தா பக்கத்து வயக்காரன் தங்கப்பாண்டி வரப்ப வெட்டிருவான் தாயி" என்று நான் கூப்பிடும்போதெல்லாம் சொல்வீர்களே? அவர் வயலும் சேர்ந்துதான் நகர்கிறது, பயப்படாதீர்கள்.

முண்டு மிளகாய் வத்தல் எடுத்துக்கொண்டு ரயிலேறுங்கள். இரண்டு பேருக்குக் குழம்பு வைத்து நாளாயிற்று.

வகுப்புக்கு மணி அடிக்கிறது. நம் வயலே என்னைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறது அய்யா, நீங்கள்தான் இன்னும் கிளம்பவில்லை.