மூன்றாவது ரோஸ்

மேலிடத்துக்கு,

நீ பூசை முடிந்து வருவதற்குள் நான் கடை திறக்கப் போயிருப்பேன். கிறிஸ்துமஸ் சீசன் ஞாயிறு, முறைக்காதே. சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. உன் தம்பி வந்தால் சாப்பிடச் சொல்; என் புதுச்சட்டையைக் கேட்டால் மட்டும் காது கேட்காத மாதிரி இரு.

ஞாயிறுக்கு ஒன்றாக நீ ஏற்றும் திருவருகைக் கால வளையத்துக்கு மீதி இரண்டு மெழுகுவர்த்தியையும் நேற்று ஊதாவாகவே வாங்கி வந்தது தப்புதான். மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சிக்கு உரியது, அதற்கு ரோஸ் வேண்டும் என்றாய். "எரியத்தானே போகுது, கலர் என்ன கலர்?" என்றேன். "கடையில ஒரு ரவிக்கைத் துணிக்குப் பத்து ரோஸ் எடுத்துப் போடுவீங்க, வீட்டுக்கு ஒண்ணு கிடைக்கலையா?" என்றாய்.

விடிந்ததும் மெழுகுவர்த்திக்காரரைத் தட்டி எழுப்பி ரோஸ் வாங்கி வளையத்தில் செருகியிருக்கிறேன். போன இரண்டு வாரமும் நீ தனியாகத்தான் ஏற்றினாய். இன்றைக்கு மாலை ஏழு மணிக்கு, வாசலில் யார் நின்றாலும், ஷட்டரை இறக்கிவிட்டு வருகிறேன். காத்திரு.

தீப்பெட்டி அடுப்புக்குப் பின்னால் விழுந்து கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. மெழுகுவர்த்திக்காரர் சொன்ன விலைக்கே வாங்கினேன்; பேரம் பேச வாயே வரவில்லை. கடைத்தெருவில் யாருக்கும் தெரிய வேண்டாம்.