வாரீகளா

ஆவணி 3, புதன்

சூரன் இன்றும் என் பேச்சைக் கேட்கவில்லை. கன்னி இன நாய்க்கு ரோஷம் அதிகம் என்று விற்றவர் அன்றே சொன்னார். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைக் கண்டதும் கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்தான். மூன்று மாதமாகப் பழக்கிய "வா"வைத் தொண்டை கட்டக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்நேரம் என் மனைவி வாசலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்: "சாப்பிட வாரீகளா?"

சட்டென்று நின்றான். குட்டியை விட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடி அவள் காலடியில் உட்கார்ந்தான். தினமும் நான் சாப்பிட்டதும் அவனுக்கும் சோறு வைப்பாள். அந்தச் சொல்லைப் பிடித்துவைத்திருக்கிறான்.

"மருவாதையாக் கூப்பிட்டாத்தான் வருவாக போல" என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. நாளைக் காலை கண்மாய்க்கரையில் நானே கூப்பிடுவேன், "வாரீகளா" என்று. ஆள் நடமாட்டம் தொடங்குமுன். நிச்சயம் வருவான்.

வருவாக.