கண்ணில் ஒற்றிய வரலாறு

செவன் கிங்ஸ்
மாசி 2008

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம்.

என்னோடு தங்கியிருக்கும் மிலான் சேர்பியாக்காரன், அக்ரொன் கொசோவோக்காரன். சேர்பியாவிலிருந்து பிரிந்து கொசோவோ தனிநாடென்று அறிவித்த அன்று, குசினியில் அடுப்பருகே இருந்து மிலான் வாசித்துக்கொண்டிருந்த சேர்பிய வரலாற்றுப் புத்தகத்தை அக்ரொன் பறித்து நிலத்தில் எறிந்தான். மிலான் தான் இருந்த கதிரையை அடிக்கத் தூக்கிவிட்டான். தடுக்கப் போன என் கால் புத்தகத்தில் பட்டது. உடனே எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். அப்படி வளர்த்தது நீங்கள்தானே.

"அப்ப நீ அவன்ரை பக்கமோ?" என்று கத்திய அக்ரொன், தன் நாட்டு வரலாற்றுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். அதையும் ஒற்றினேன். மிலான் கதிரையை இறக்கி வைத்தான். அடி விழவில்லை, பயப்படாதீர்கள். இப்போது இருவரும் என்னோடு பேசுவதில்லை.

மிளகாய்த்தூள் அனுப்பினால் சின்னப் பையே போதும். இனி ஒரு ஆளுக்குத்தான் சமையல்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

மகன்
நிசாந்தன்